மீன் தின்ற தீவனத்தில் ஜீரணமாவது எவ்வளவு?

நெசவாளர் சங்கத்தில் நூலை எடை போட்டுக் கொடுக்கிறோம். துணி வந்ததும் அதையும் கழிவு நூலையும் நிறுத்துக் கணக்கை நேர் செய்கிறோம். எவ்வளவு நூல் துணியாயிற்று, எவ்வளவு வீணாயிற்று என்பது அப்போது விளங்கிவிடுகிறது. மீன் வளர்க்கும் அங்கத்தினருக்கும் இத்தகைய கணக்கு அவசியம். தீவனமிட்டு வளர்க்கும் முறையில் செலவின் பெரும்பகுதி தீவனத்திற்கே போகிறது. ஆகவே நெமிலிச்சேரி, திருநின்றவூர், ஆவடிப் பகுதிகளில் குளம் வெட்டி மீன் வளர்க்க எண்ணுவோர் இப்பாடத்தைக் கவனத்துடன் படிப்பது நலம்.

மூட்டையில் காணும் எண்

தீவன மூட்டையின்மீது கச்சாப் புரதம் இத்தனை சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பார்கள். தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கிக் கிடைப்பதே இந்த எண். அது மீனின் உடம்பில் சேரும் அளவன்று. பறவை இறகில் இக்கணக்குப்படி 80 சதவிகிதத்திற்கு மேல் புரதம் உண்டு. ஆயினும் பக்குவப்படுத்தாத இறகு மீனுக்கு அநேகமாக ஜீரணமாவதில்லை.

அளக்கும் முறை

மாட்டின் சாணத்தை முழுவதும் திரட்டி நிறுக்கலாம். மீனின் எச்சமோ நீரில் கரைந்து சிதறிவிடும். ஆகவே ஆராய்ச்சியாளர் ஓர் அடையாளப் பொருளின் துணையை நாடுகின்றனர். அது ஜீரணமாகாமல், உடலில் சேராமல், உண்டபடியே வெளியேற வேண்டும். குரோமிக் ஆக்ஸைடு அத்தகைய பொருள். 1918-இல் எடின் என்பவர் இதனை எடுத்துரைத்தார். இன்று யிட்ரியம் ஆக்ஸைடையும் பயன்படுத்துகின்றனர்.

தீவனம் ஜீரணமாக ஆக, எச்சத்தில் அடையாளப் பொருளின் விகிதம் உயர்கிறது. ஓர் உதாரணம் காண்போம். தீவனத்தில் அடையாளப் பொருள் 0.5 சதவிகிதம், புரதம் 30 சதவிகிதம். உலர்த்திய எச்சத்தில் அடையாளப் பொருள் 1.5, புரதம் 18 சதவிகிதம். 0.5ஐ 1.5ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. 18ஐ 30ஆல் வகுத்தால் 0.6. இவ்விரண்டையும் பெருக்க 0.2 வரும். அதாவது உண்ட புரதத்தில் 20 சதவிகிதம் வெளியேறிவிட்டது; 80 சதவிகிதம் ஜீரணமாயிற்று.

பிண்ணாக்கு, தவிடு போன்ற தனிப்பொருளைச் சோதிக்க, 70 பங்கு அடிப்படைத் தீவனத்துடன் 30 பங்கு அப்பொருளைக் கலந்து ஊட்டுவர். பின்னர் இரு தீவனங்களின் முடிவுகளையும் ஒப்பிட்டுக் கணக்கிடுவர்.

பிழை நேரும் இடங்கள்

எச்சம் நீரில் நெடுநேரம் கிடந்தால் அதிலுள்ள சத்து கரைந்துபோகும். ஜீரணம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். மீனின் வயிற்றை அழுத்தி எடுத்தால் ஜீரணமாகி முடியாததும் சேர்ந்து வரும். அப்போது ஜீரணம் குறைவாகத் தோன்றும். இதனால் எச்சம் விரைவில் படியும்படி அமைந்த தொட்டியைக் கனடா நாட்டுக் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் வகுத்தனர். ஊட்டியபின் தின்னாத தீவனத்தை முன்னதாகவே அகற்றிவிடுவதும் முக்கியம்.

விலையை எவ்வாறு பார்ப்பது?

கிலோ 40 ரூபாய்த் தீவனம் ஒன்றில் புரதம் 32 சதவிகிதம், அதில் ஜீரணமாவது 60 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று கிலோ 44 ரூபாய்; புரதம் 28, ஜீரணமாவது 85 சதவிகிதம். முதலாவதில் ஜீரணமாகும் புரதம் 19.2 சதவிகிதமே, இரண்டாவதில் 23.8. ஜீரணமாகும் புரதம் ஒரு கிலோவிற்கு முதலாவதில் ஏறக்குறைய 208 ரூபாயும், இரண்டாவதில் 185 ரூபாயும் ஆகின்றன. மலிவென்று வாங்கியதே அதிக விலையாயிற்று!

நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது. தவிடு, பிண்ணாக்கு முதலியவற்றில் ஃபைடேட் வடிவில் உள்ள பாஸ்பரஸ் அவற்றிற்குச் சரிவர ஜீரணமாவதில்லை. வெளியேறும் சத்தினால் நீரில் பாசி பெருகும். இரவில் அப்பாசியும் அழுகும் கழிவும் பிராணவாயுவை உட்கொள்ள, விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளக்கும். ஒரே இரவில் குளம் முழுவதும் மீன் செத்து மிதக்கவும் கூடும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. உவர்நீர் வளர்ப்புக்கென 1987-இல் தோன்றிய மத்திய ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இயங்குகிறது. இத்தகைய நிலையங்களை அங்கத்தினர் தனித்தனியே அணுகுவதினும் சங்கத்தின் மூலம் அணுகுவது சிறந்தது. மொத்தமாகத் தீவனம் வாங்கும்போது, தாம் வளர்க்கும் மீனினத்திற்கு அதன் ஜீரண அளவு என்னவென்று விற்பவரிடம் சங்கம் எழுத்து மூலம் கேட்கலாம்.

குளக்கரையிலும் இரண்டு கணக்குகள் வைக்கலாம். தட்டில் தீவனமிட்டு, மீதியைப் பார்த்து மறுநாள் அளவைத் திருத்துவது ஒன்று. இட்ட தீவனத்தின் எடையை மீன் கூடிய எடையால் வகுத்துக் குறித்துவைப்பது மற்றொன்று. இவை ஜீரணச் சோதனைக்கு ஈடாகா. எனினும் தீவனம் பயன்படாமல் போவதை உரிய காலத்தில் உணர்த்தும். நூலுக்குக் கணக்கு வைத்த கைகளுக்கு இக்கணக்கு கடினமானதன்று.