மூன்று மாதம் மறைக்கலாமா?

"பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வேளையில் ஏழைத் தாய்க்குத் துணை நிற்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஆகும்.

புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அம்மையாரின் பெயரால் தமிழக அரசு 1987-இல் இதனைத் தொடங்கியது. உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இந்த 18,000 ரூபாயில் 14,000 ரூபாய் தவணைகளாகத் தாயின் வங்கிக் கணக்கிற்கு வருவது. மீதி 4,000 ரூபாய்க்கு நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் முதலியன அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 19 வயது நிரம்பிய ஏழைத் தாய்மார்களின் முதல் இரண்டு பிரசவங்களுக்கு உரியது இவ்வுதவி. கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில் இத்தொகையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால், கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இங்கேதான் தடை! கண்ணேறு படும் என்று அஞ்சி, மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லாதிருப்பது நம் வீடுகளின் வழக்கம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் ஐந்தாம் மாதத்தில்தான் பதிவு செய்தார். அன்றைய பரிசோதனையில்தான் அவருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. பணம் தாமதமானது பெரிதன்று; முன்னமே உண்டிருக்க வேண்டிய இரும்புச்சத்து மாத்திரைகளை இழந்தாரே, அதுதான் பெரிது. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து அல்லவா?

நர்சம்மாவிடம் சொல்வது ஊருக்குச் சொல்வது ஆகாது. உறவினரிடம் மறைக்கலாம், உயிர் காப்பவரிடம் மறைக்கலாமா?

இன்னொன்று: தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வோர் பதிவு எண்ணையும், தாய் சேய் நல அட்டையையும், வங்கிப் புத்தகத்தையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஊர் மாறினாலும் எண் மாறாது. அங்குள்ள செவிலியரிடம் அதைக் காட்டினால்தான் பரிசோதனையும் தடுப்பூசியும் தொடர்ந்து பதிவாகும்.

தோழியரே! படிவம் நிரப்பத் தெரியாத அத்தையும் அக்காளும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எழுதப் படிக்கக் கற்ற நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். உடன் சென்று பதிவு செய்விப்போம். நாம் கற்ற கல்விக்கு அதுவே பயன்!