தேமலா, தொழுநோயா?

வாடிப்பட்டி வட்டாரத் தம்பதியரே,

முதுகில் வெளிறிய படை. அரிக்காது, வலிக்காது. "தேமல்தான், தானாப் போயிடும்"னு விட்டுடாதீங்க. கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். கணவருக்கு மனைவி, மனைவிக்குக் கணவர். தொட்டது தெரியவில்லையா? மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள்.

தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரு வாரம் பிடிக்கும். நோய் வெளியே தெரிய சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டும் ஆகலாம். டாக்டருக்குச் சந்தேகம் தீராவிட்டால், தோலில் சிறு கீறலிட்டு எடுத்ததை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். வேலூர் அருகே கரிகிரியில் அந்த வசதி உண்டு. கிருமியின் மரபணுத் துணுக்கைப் பல லட்சம் மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை இது. கிருமி மிகக் குறைவானால் இதற்கும் தப்பும். ஆகவே இறகை மறக்க வேண்டாம்.

"மரபணுன்னா பரம்பரை வியாதியா?" என்று மாமியார் கேட்பார். இல்லை. பார்ப்பது கிருமியின் மரபணுவை, உங்கள் குடும்பத்தினுடையதை அல்ல. பெண் கொடுக்க, எடுக்கத் தடையில்லை. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் வழியையும் 2019-ல் சட்டம் நீக்கிவிட்டது.

மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதம். சேர்ந்தே வாழலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பாக ஒரே வேளை ரிஃபாம்பிசின் தருவார்கள். கர்ப்பிணிக்கு மட்டும் பிரசவத்துக்குப் பிறகு.