தன் எடையைத் தானே தூக்கினாள்

மாலை நேரம். பூங்காவில் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள். வேலை முடிந்து அந்த வழியாக வந்த அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி இது? ஆம்பளப் பிள்ளை மாதிரி தொங்குறே! இறங்கு கீழே!"

"புல்-அப்ஸ் பழகுறேம்மா. தொங்கிக்கிட்டே கையால இழுத்து மேல போகணும். மோவாய் கம்பிக்கு மேல வரணும். யாரும் தூக்கிவிடக் கூடாது."

"பொம்பளைக்கு எதுக்குடி இது? கர்ப்பப்பை இறங்கிடும்."

"ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குக் கம்பியில தொங்கினா கர்ப்பப்பை இறங்காதும்மா. பிரசவம் ஆகிக் கொஞ்ச நாளே ஆனவங்களும், ஏற்கெனவே கர்ப்பப்பை இறங்கினவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யணும். விளையாட்டு டீச்சர் சொன்னாங்க."

"பொம்பளை கையில அவ்வளவு பலம் ஏது?"

மகள் ஒரு செய்தி சொன்னாள். அமெரிக்காவில் மரைன் என்று ஒரு படை உண்டு. அதில் உள்ள பெண்கள் 2014 முதல் 3 புல்-அப்ஸ் எடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். 2013 இறுதியில் பார்த்தார்கள். பயிற்சிக்கு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் 3 எடுக்க முடியவில்லை. விதியைத் தள்ளி வைத்தார்கள்.

"பாத்தியா? முடியலதானே?" என்றாள் அம்மா.

"மத்தவங்களுக்கு முடிஞ்சதேம்மா! அவங்களும் பொம்பளைங்கதானே?"

அம்மா பதில் பேசவில்லை.

பொதுவாகப் பெண்ணின் தோளிலும் கையிலும் ஆணைவிடத் தசை குறைவு. இது உண்மை. ஆனால் பழகினால் பெண்ணின் தசையும் வளரும். இதுவும் உண்மை.

அடுத்த வாரம் மகளுக்குப் பூங்காவில் தலை சுற்றியது. அம்மா அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும். மகளுக்கு 9 கிராம்தான் இருந்தது.

"எல்லாம் அந்தக் கம்பியால வந்தது!" என்றாள் அம்மா.

நர்ஸ் சிரித்தார். "இல்லம்மா. இது ரத்தசோகை. வீட்டுல யாரு கடைசியா சாப்பிடுறீங்க?"

"நானும் இவளும்."

"முட்டை யாருக்கு?"

அம்மா தலை குனிந்தாள். முட்டை எப்போதும் மகனுக்குத்தான்.

2019-21இல் நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கும். கை கால் சோர்ந்துபோகும். பலம் எப்படி வரும்?

நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். "முருங்கைக்கீரை, பயறு, கடலை, முட்டை சாப்பிடணும். கூட எலுமிச்சை, நெல்லிக்காய் சேத்துக்கணும். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதே. உடம்பு தேறினதும் பழகு" என்றார்.

அன்று இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகள் தட்டிலும் ஒரு முட்டை இருந்தது.

உடம்பு தேறியது. மகள் மறுபடி பழகினாள். டீச்சர் சொன்ன படிகள் இவை:

1. கையை நீட்டித் தொங்க வேண்டும். முதலில் 10 எண்ணும் வரை. பிறகு 30 வரை.

2. தொங்கியபடியே, கையை மடக்காமல் தோளை மட்டும் கீழே இழுக்க வேண்டும்.

3. இடுப்பு உயரக் கம்பியைப் பிடித்து, அதன் அடியில் உடம்பைச் சாய்க்க வேண்டும். கால் தரையில் இருக்கும். மார்பைக் கம்பி வரை இழுக்க வேண்டும்.

4. ஆடாத முக்காலி மீது ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேல் வைக்க வேண்டும். காலை எடுத்துவிட்டு, 5 எண்ணி மெதுவாக இறங்க வேண்டும்.

5. கடைசியில், தொங்கும் நிலையிலிருந்து மேலே எழ வேண்டும்.

வாரத்துக்கு 3 நாள் போதும். இடையில் ஓய்வு வேண்டும். ஓய்வில்தான் தசை வளரும். தசை லேசாக வலிக்கலாம். மூட்டில் சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர்க் குழாயிலும் துணி காயும் கம்பியிலும் தொங்கக் கூடாது. அவை முறிந்துவிடும்.

மூன்று மாதம் ஆயிற்று. மகளால் பாதி உயரம்தான் எழ முடிந்தது. அவள் சோர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா அருகில் வந்தாள். "நான் 'அ' எழுதவே ஒரு வாரம் ஆச்சு. இப்ப பஸ் போர்டு படிக்கிறேன். எழுந்திரு, கண்ணு."

ஆறாம் மாதம் ஒரு நாள். மகள் தொங்கினாள். இழுத்தாள். முழங்கை மடங்கியது. மோவாய் கம்பிக்கு மேல் வந்தது! ஒரே ஒரு முறை. யாரும் தூக்கிவிடவில்லை.

அம்மா சேலையை இழுத்துச் செருகினாள். "நகருடி. சின்ன வயசுல கப்பியில கயிறு இழுத்து எத்தனை குடம் தண்ணி இறைச்சிருக்கேன்! அதுவும் இப்படிக் கீழ இழுக்கிறதுதானே?"

கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். மகள் எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

ஏழு வரை வந்தது.

"நாளான்னிக்கு எட்டு" என்றாள் அம்மா.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?

2. மகளுக்குத் தலை சுற்றியதற்குக் காரணம் என்ன?

3. "பெண்ணால் முடியாது" என்று உங்களிடம் சொல்லப்பட்ட வேலை எது? அதற்கு முதல் படி எது?