சிறு சபைகளைச் சந்தித்தல்: வடதிருநெல்வேலிச் சஞ்சார ஊழியம் தரும் பாடம்

மாணவர் குழுக்கள் சனி ஞாயிறு ஆகிய இரு நாட்களிலும் நாட்டுப்புறத்துச் சிறு சபைகளைச் சந்தித்து வருதல் மிஷன் கல்லூரிகளில் நெடுநாளாய் நிலவிவரும் நல்வழக்கமாம். இக்காலத்தில் அயல்நாடுகளினின்றும் சிறு கூட்டத்தார் விமானமேறி வந்து, இரண்டு மூன்று நாட்களில் ஐந்தாறு சபைகளைக் கண்டு திரும்புகின்றனர்; நம்மவரும் அவ்வாறே பிறநாடுகளுக்குச் செல்கின்றனர். செல்வோருடைய நன்மனத்தை ஐயுறுதற்கு இடமில்லை. ஆயினும், இத்தகைய குறுகிய சந்திப்பினால் வந்தவர் அடையும் மகிழ்ச்சியேயன்றி, அங்கு வாழும் சபையார் அடையும் பயன் யாது என்பதை ஆராய்தல் நம் கடமையாகும்.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் ஒரு மூதாட்டியார். சிவகாசிக்கு அடுத்த ஒரு சிற்றூருக்கு யாங்கள் பன்னிருவர் சென்றிருந்தோம். சனிக்கிழமை மாலை கூட்டம், ஞாயிறு காலை ஆராதனை, பிள்ளைகளுக்குக் கதை, பின்பு கோழிக்குழம்புடன் விருந்து. யாவும் செவ்வனே நடந்தேறின. விடைபெறும்போது அம்மூதாட்டியார், "ஐயா, போன வருஷம் வந்த தம்பிமாரும் இப்படித்தான் நன்றாகப் பாடினார்கள். அப்புறம் வரவேயில்லை. நீங்கள் மறுபடி எப்பொழுது வருவீர்கள்?" என்றார். எம்முள் ஒருவரும் மறுமொழி கூறவில்லை. எங்கட்கிட்ட விருந்து, பட்டாசு ஆலைகளில் உழைப்போர் தத்தம் சனிக்கிழமைக் கூலியினின்றும் எடுத்துக் கொடுத்த பணத்தால் ஆயதென்பதைப் பின்னரே அறிந்தோம்.

அவ்வினாவுக்குரிய விடை, அம்மூதாட்டியார் வாழும் நிலத்தின் சரித்திரத்திலேயே உள்ளது. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய பகுதிகள் முற்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைந்து, 1985-இல் தோன்றிய விருதுநகர் மாவட்டத்துள் இப்பொழுது அடங்கியுள்ளன. இவற்றில் நடந்த ஊழியம் வடதிருநெல்வேலிச் சஞ்சார ஊழியம் என வழங்கியதற்குக் காரணம் இதுவே.

அவ்வூழியத்தைத் தொடங்கியவர் கனம் ராக்லண்ட் ஐயர். 1815-இல் ஜிப்ரால்டரிற் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் 1841-ஆம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில் நான்காமிடம் பெற்றவர். 1846-இல் சர்ச் மிஷனெரி சங்கத்தின் காரியதரிசியாகச் சென்னைக்கு வந்தார். திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்தபோது, தென்பகுதியிற் சபைகள் நிறைந்திருப்பதையும், வடபகுதியில் அவை மிக அரியனவாயிருப்பதையும் கண்டார். காரியதரிசிப் பதவியை விட்டு, டேவிட் பென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளைஞரைத் துணையாகக்கொண்டு, 1854-இல் இக்கரிசற் காட்டிற் கூடாரம் அடித்தார். கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம். தீப்பெட்டியும் பட்டாசும் அக்காலத்து இங்கில்லை. நெஞ்சுநோயால் நெடுநாள் வருந்திய ராக்லண்ட் ஐயர் 1858-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் நாள் சிவகாசியிலேயே மரித்தார். அவர் உயிரோடிருந்து கண்ட பலன் சொற்பமே; சபைகள் பெருகியது பிற்காலத்திலாம்.

அவ்வூழிய முறையினின்றும் நாம் கற்கத்தக்கவை மூன்று.

முதலாவது, அவர்கள் மீண்டும் சென்றனர். ஓரிடத்திற் கூடாரமடித்து, காலையும் மாலையும் சுற்றுக் கிராமங்களுக்குப் போய், பின்பு வேறிடம் பெயர்ந்தனர். எனினும் சென்ற ஊரை மறந்தவர் அல்லர். சில மாதங்கள் கழிய அதே ஊருக்கு மறுபடியும் வந்தனர். பவுல் அப்போஸ்தலரும் தாம் முன்பு போதித்த பட்டணங்களைத் திரும்பப் போய்க் காண விரும்பினாரன்றோ? ஒருமுறை வருவோன் விருந்தினன். திரும்பத் திரும்ப வருவோனே உறவினன்.

இரண்டாவது, தென்பகுதிச் சபைகள் இவ்வூழியத்திற் பங்குபற்றின. அச்சபைகளின் உபதேசியார்கள் முறைவைத்து ஒவ்வொரு மாதம் வடக்கே வந்து உழைத்தனர். அவர்தம் செலவை அனுப்பிய சபையாரே தாங்கினர். சென்ற ஊராருக்கு அவர்கள் பாரமாயினாரில்லை. எங்கள் விருந்தை நினைக்குந்தோறும் இது என் நெஞ்சைச் சுடுகின்றது.

மூன்றாவது, அவர்கள் அந்நிலத்து மாந்தரின் பேச்சையும் பொழுதையும் கற்றனர். கழனிக்குச் செல்வோன் எப்பொழுது வீடு திரும்புவான் என்பதை அறியாதவன் யாருடன் பேசுவான்?

இம்மூன்றாவது பாடம் பட்டாசு நாட்டில் இன்றும் மிக வேண்டப்படுவதாம். 1923-ஆம் ஆண்டளவில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற் பயின்று வந்த தீப்பெட்டித் தொழிலைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றியது. விடியுமுன் ஆலை வண்டிகள் ஊர்தோறும் வந்து ஆடவரையும் பெண்டிரையும் ஏற்றிச் செல்கின்றன. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை மிகுதி. மழைக்காலத்தில் உலர்த்தும் வெயில் இன்மையால் வேலையுங் குறையும், கூலியுங் குறையும். ஞாயிறு ஒன்றே துணி துவைக்கவும், பிள்ளையின் தலைவாரவும், சற்றுப் படுத்தெழவும் வாய்த்த நாள். அந்நாளைக் காலைமுதல் மாலைவரை நம் நிகழ்ச்சியால் நிரப்புவது அன்பாகுமா?

இன்னுமொன்று. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் முதல் வெடியோசை கேட்டு அங்கு ஓடிச்சென்ற அயலார். இத்தகைய நாட்களில் வருவோர் பலர். ஆறாம் மாதம், அனைவரும் மறந்தபின், தகப்பனை இழந்த வீட்டிற்கு வருவோர் எத்தனை பேர்? சிறு சபைகளைச் சந்திப்போன் தேடவேண்டிய காலம் அதுவே.

அயல்நாட்டு ஊழியத்திற்கும் இம்முறையே பொருந்தும். யாழ்ப்பாணத்து மாணவர் சங்கத்தார் கடல்கடந்து இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டியில் ஊழியம் நடத்தினர். 1902-இல் யாழ்ப்பாணஞ் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்கள், அங்குள்ள தமிழரின் தன்னம்பிக்கையைக் கண்டு விழிப்புற்றார். 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அது தமிழர் பணத்தைக்கொண்டு தமிழரை நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது. அசரியாவும் 1909-இல் அங்குக் குடியேறித் தெலுங்கு கற்று, 1912 டிசம்பர் 29-இல் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். பார்த்துத் திரும்பியவராயின் அவர் பெயர் இன்று நிலைத்திராது.

அங்ஙனமாயின் இரண்டு நாட் பயணம் வீணோ என்பீராயின், அன்று. ராக்லண்ட் ஐயரைப்போல் வாழ்நாள் முழுமையும் கொடுக்க எல்லாராலும் இயலாது. கல்லூரி மாணவனுக்குச் சனி ஞாயிறே உண்டு. ஆயினும் அவ்விரண்டு நாட்களையும் ஆறு சபைகளுக்குப் பங்கிடாது, ஒரு சபைக்கே கொடுத்து, ஆண்டில் மும்முறை அங்கேயே செல்லலாம். நம் சோற்றுக்கு நாமே அரிசி கொண்டு செல்லலாம். பேசுதலினும் கேட்டல் மிகுதியாயிருக்கலாம். சபையாரின் பெயர்களை எழுதிவைத்து, மூத்த மாணவர் கல்லூரியை விட்டுச் செல்லும்போது இளையோரிடம் ஒப்புவிக்கலாம். குழு மாறினும் உறவு மாறாது.

மாணவ நண்பர்களே, எங்கள் குழு மழைக்காலத்து ஒரு சனிக்கிழமை மீண்டும் அவ்வூருக்குச் சென்றது. அரிசியும் பருப்பும் உடன் கொண்டு சென்றோம். கூட்டம் நடத்தவில்லை. அம்மூதாட்டியார் திண்ணையில் அமர்ந்திருந்தார், எங்களைக் கண்டதும், "வந்துவிட்டீர்களா?" என்று மாத்திரம் கேட்டு, உட்காரப் பாய் எடுத்து விரித்தார்.