மிலான் போட்ட வரம்பு

கேள்வி: கல்லீரல் புற்றுநோய்க்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தினால் நோய் திரும்பாதா?

பதில்: 1980களில் பெரும்பாலும் திரும்பித்தான் வந்தது. கட்டி மிகவும் முற்றியவர்களுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அரிதாகக் கிடைக்கும் கல்லீரல் வீணாகிறதே என்று பலர் கையை விரித்துவிட்டார்கள்.

இத்தாலியின் மிலான் நகர அறுவை மருத்துவர் வின்சென்சோ மாட்சாஃபெரோ, யாருக்குப் பொருத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்தார். ஒரே கட்டியென்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ரத்தக்குழாய்க்குள் நோய் நுழைந்திருக்கக் கூடாது. இப்படிச் சலித்தெடுத்த 48 பேரின் கணக்கை 1996-ல் வெளியிட்டார். நான்காண்டு உயிர்வாழ்வு 75 சதவீதம்!

அந்த ஆய்வில் இன்னொரு சுவையான பகுதி உண்டு. அகற்றிய பழைய கல்லீரலை அறுத்துப் பார்த்தபோது, 13 பேருக்கு நோய் வரம்பைத் தாண்டியிருந்தது; ஸ்கேன் அதைப் பிடிக்கவில்லை. அவர்களிடம் நான்காண்டு உயிர்வாழ்வு 50 சதவீதம்தான். மற்ற 35 பேரிடமோ 85.

வரம்பு ரொம்பக் கறார் என்ற முணுமுணுப்பும் எழுந்தது, நியாயம்தான். 2009-ல் மாட்சாஃபெரோவே அதைத் தளர்த்த வழி சொன்னார்: கட்டிகளின் எண்ணிக்கையையும் பெரிய கட்டியின் செ.மீ. அளவையும் கூட்டினால் 7-ஐத் தாண்டாமல், நுண்குழாய்களில் நோய் பரவாமல் இருந்தால் போதும்.