ஸ்கிரீன் வாங்கப் போறீங்களா? முதல்ல டேப்பை எடுங்க!

"அக்கா, நாடகத்துக்கு மேடையில பெருசா ஒரு ஸ்கிரீன் போடலாம்னு இருக்கோம். எது நல்லது?" இப்படிக் கேட்டு எந்தக் குழுவிலிருந்து போன் வந்தாலும் நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்: "கடைசி வரிசை நாற்காலி ஸ்கிரீனுக்கு எத்தனை அடி தள்ளி இருக்கு?" அதுக்கப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

கேலி பண்ணலை தங்கச்சி, நானும் அளக்காம மாட்டிக்கிட்டவதான். எங்க குழு முதல் தடவை வாடகைக்கு எடுத்தது 24 அடி அகல ஸ்கிரீன். பெருசா இருந்தா போதும்னு நினைச்சோம். கையில இருந்தது 3,000 லூமென் வெளிச்சம் தர்ற புரொஜக்டர். பழனி மலைப் படத்தைப் போட்டோம். மேடை லைட்டைப் போட்டதும் மலை வெளுத்துப் போச்சு; துணியை மடிச்சுக் கொண்டுவந்த மடிப்பு மட்டும் குறுக்கே பளிச்சுன்னு தெரிஞ்சுது. முன் வரிசையில இருந்த பாட்டி பக்கத்துல கேட்டாங்க, "படிக்கட்டுக்குக் குறுக்கே கம்பி கட்டிட்டாங்களா?" நீங்க அந்தப் பாட்டிகிட்ட மாட்டாம இருக்கத்தான் இத்தனையும் சொல்றேன்.

1. அளவைக் கடைக்காரர் சொல்லக் கூடாது

கடைசி நாற்காலியிலிருந்து ஸ்கிரீன் தொங்கப்போற இடம் வரைக்கும் அளந்து, ஆறால வகுங்க. வர்றதுதான் படத்தோட உயரம். 60 அடின்னா 10 அடி உயரம். இப்ப வர்ற வீடியோ பெரும்பாலும் 16:9 அளவுல இருக்கிறதால அகலம் கிட்டத்தட்ட 18 அடி. மேடை வாய் 30 அடின்னா ரெண்டு பக்கமும் ஆறாறு அடி மிஞ்சும். சைடு படுதா கட்ட, ஆள் வந்து போக அது வேணும்.

கடையில "200 இன்ச்"னு சொல்லுவாங்க. அது மூலைக்கு மூலை அளவு. 4:3 ஸ்கிரீன்ல 200 இன்ச்சுன்னா உயரம் 10 அடி. 16:9-ல அதே 200 இன்ச்சுக்கு உயரம் 8 அடி சொச்சம்தான். அதனால இன்ச் கணக்கை விட்டுட்டு, "அகலம் எத்தனை அடி, உயரம் எத்தனை அடி"ன்னு கேளுங்க.

அப்புறம் பால்கனிக்குக் கீழே இருக்கிற கடைசி சீட்ல ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. பால்கனி விளிம்பு மேடையோட மேல் பகுதியை மறைச்சா, ஸ்கிரீனை ரொம்ப உயர்த்திக் கட்டினா அங்கே இருக்கிறவங்களுக்குப் படத்துல தலை தெரியாது.

2. முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா?

தோல்பாவைக் கூத்து பார்த்திருப்பீங்க. வெள்ளைத் துணி, பின்னாடி விளக்கு, முன்னாடி நாம. ரியர் புரொஜக்‌ஷனும் அதே வேலைதான். நடிகர் நிழல் படத்துல விழவே விழாது. ஆனா அதுக்கு இடம் வேணும்.

புரொஜக்டர் பெட்டியில, இல்லைன்னா அதோட புத்தகத்துல 'த்ரோ ரேஷியோ'ன்னு ஒரு எண் இருக்கும். அதை ஸ்கிரீன் அகலத்தால பெருக்கினா எத்தனை அடி தள்ளி வைக்கணும்னு தெரிஞ்சுடும். 1.5 லென்ஸ், 18 அடி அகலம்: 27 அடி. கிட்டக்க வைக்கிற 0.8 லென்ஸ்னாலும் 14 அடிக்கு மேல வேணும். மேடை ஆழமே 18 அடின்னா, பின்னாடி 14 அடியைப் புரொஜக்டருக்குக் கொடுத்துட்டு நாலடியில உங்க ராஜா எப்படி உலாவுவார்? மேடைக்குப் பின்னாடி தனி இடம் இருந்தா மட்டும் ரியர் போங்க.

ரியர்னா இன்னும் மூணு விஷயம். துணி ஒளி ஊடுருவுற ரகமா இருக்கணும்; சாதா வெள்ளை ஸ்கிரீன் ஆகாது. புரொஜக்டர் மெனுவில 'ரியர்' போடணும், இல்லைன்னா எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பி நிக்கும். ஸ்கிரீனுக்குப் பின்னாடி யாரும் குறுக்கே போகக் கூடாது. அந்தப் பக்கம் போக வேற வழி இருக்கான்னு முதல்லயே பார்த்துக்கோங்க.

முன்னாலிருந்து போடுறதா இருந்தா, புரொஜக்டரை உயரத்துல கட்டி, நடிகர்களை ஸ்கிரீனுக்கு ஆறடி முன்னாடி நிறுத்துங்க. நிழல் பெரும்பாலும் தரையில விழும். படம் கோணலா வந்தா கீஸ்டோன் பட்டனை அமுக்கத் தோணும். அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும். அதுல கொஞ்சம் தெளிவும் வெளிச்சமும் போயிடும். லென்ஸை நகர்த்தியே படத்தை இடம் மாத்துற 'லென்ஸ் ஷிப்ட்' இருக்கிற புரொஜக்டர்னா அந்த நஷ்டம் இல்லை.

3. எந்தத் துணி?

பளபளன்னு சில்வர் ஸ்கிரீன் காட்டினா மயங்காதீங்க. 'கெயின்'னு சொல்றது, வர்ற வெளிச்சத்தை ஸ்கிரீன் எவ்வளவு நேரா திருப்பி அனுப்புதுங்கிற கணக்கு. கெயின் கூடக் கூட நடுவுல இருக்கிறவங்களுக்குப் பளிச்சுன்னு இருக்கும், ஓரத்துல இருக்கிறவங்களுக்கு மங்கும். அகலமான ஹாலுக்கு கெயின் 1 உள்ள மேட் வெள்ளைதான் சரி.

லைட் நிறைய போடுற நாடகமா? இளஞ்சாம்பல் நிற ஸ்கிரீனையும் பாருங்க. புரொஜக்டரால கறுப்பை அடிக்க முடியாது. ஒளி விழாத இடத்துல துணியோட நிறம்தான் நமக்குக் கறுப்பாத் தெரியணும். வெள்ளைத் துணியில மேடை லைட் சிதறினா ராத்திரி சீன் கூடப் பகல் மாதிரி ஆயிடும். சாம்பல் அதைக் கொஞ்சம் அடக்கும். அதுக்கு ஈடா புரொஜக்டர்ல வெளிச்சம் கூட வேணும்.

முன்னாலிருந்து போடுற ஸ்கிரீனுக்கு முதுகுல கறுப்பு இருக்கணும். இல்லைன்னா பின்னாடி மேக்கப் ரூம் பல்பு எரியறது கூடத் தெரியும். தீ சீக்கிரம் பத்தாத துணியான்னு கேளுங்க. மேடையில சூடான லைட்டும் வயரும் இருக்கிற இடம். காசு இல்லையா? தையற்காரர்கிட்ட காடா துணியை அகலமா இணைச்சுத் தைச்சு வாங்கி, பின்னால கறுப்புத் துணி கட்டினா பள்ளி ஆண்டு விழாவுக்குப் போதும். மூட்டுத் தையல் நடுவுல, மூஞ்சியில வராம பார்த்துக்கோங்க.

4. சுருக்கம் இல்லாம கட்டறது

நாலு ஓரத்திலயும் ஐலெட் அடிச்ச ஸ்கிரீனா வாங்கி, பைப் ஃபிரேம்ல எலாஸ்டிக் கயிறால இழுத்துக் கட்டுங்க. மேல மட்டும் கட்டித் தொங்கவிட்டா, ஃபேன் காத்துக்கே படத்துல கோபுரம் ஆடும். எடுத்து வைக்கும்போது மடிக்காதீங்க, பாய் மாதிரி சுருட்டுங்க. மடிப்புதான் எங்க பழனிக்குக் கம்பி கட்டினது.

5. லைட் போடுறவரைக் கூட்டிட்டு வாங்க

ஸ்கிரீனுக்கு எதிரி மேடை லைட்தான். முன்னாலிருந்து நேரா அடிக்கிற லைட் நடிகர் முகத்தோட நிக்காது, படத்தையும் கழுவிடும். விங்ஸ் பக்கத்திலிருந்து சாய்வா அடிக்கச் சொன்னா முகமும் தெரியும், படமும் பிழைக்கும். படம் வேண்டாத சீன்ல கறுப்பு ஸ்லைடு போட்டாலும் சாம்பல் கட்டமா ஒரு வெளிச்சம் நிக்கும். லென்ஸ் முன்னாடி ஒரு அட்டையைப் பிடிக்க ஒரு தம்பியை உட்கார வெச்சா போதும்.

வாங்கறதுக்கு முன்னாடி துணியில ஒரு சாம்பிள் கேளுங்க. அதை ஹாலுக்குக் கொண்டுபோய், லைட்டெல்லாம் போட்டு, புரொஜக்டரை அடிச்சு, நடுவிலிருந்தும் ஓரக் கடைசி சீட்டிலிருந்தும் பாருங்க. எந்த விளம்பரமும் சொல்லாததை அந்தத் துண்டுத் துணி சொல்லிடும்.

கடைசியா ஒரு கணக்கு

புரொஜக்டர் லூமெனை ஸ்கிரீனோட சதுர அடியால வகுங்க. கெயின் 1-னா, வர்ற எண்தான் படத்தோட வெளிச்சம். ஃபுட்-லாம்பர்ட்னு அதைச் சொல்றாங்க. இருட்டான சினிமா தியேட்டருக்கே 14 தேவைன்னு டிஜிட்டல் சினிமா வரையறை இருக்கு. லைட் எரியற மேடைக்கு அதுல ரெண்டு மூணு மடங்காவது வேணும்.

எங்க பழைய கதையைப் போட்டுப் பாருங்க: 24 அடிக்கு பதிமூன்றரை அடி, 324 சதுர அடி. 3,000 லூமெனை வகுத்தா 9. இருட்டுக்கே போதாது! அதுவே 18-க்கு 10 அடி ஸ்கிரீன், 5,000 லூமென்னா 28 வரும். இன்னும் சின்னதா 14-க்கு 8 அடின்னா அதே புரொஜக்டர்ல கிட்டத்தட்ட 45.

அதனால பணம் இழுபறியா இருந்தா ஸ்கிரீன் அளவைக் குறைங்க, வெளிச்சத்தைக் குறைக்காதீங்க. 14 அடியில பளிச்சுன்னு தெரியற பழனி மலை, 24 அடியில வெளுத்துப் போன மலையை விட எப்பவும் பெருசுதான்.