பாடம் ஆன்லைனில், படம் பிள்ளையின் கையில்

பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து "மலை வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோணம், நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் ஜன்னலைத் திறந்தாலே மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்கள் தெரியும். அங்குள்ள பிள்ளையும் அதே முக்கோணத்தைப் போட்டால், குறை கையில் இல்லை. பார்க்கப் பழக்காததில் இருக்கிறது. ஓவியம் படித்துவிட்டு, மலையில் இருந்தபடியே ஆன்லைன் வகுப்பு எடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது.

கட்டம் உங்களுடையது

"நான் போடுறதை அப்படியே போடுங்க" என்று நடத்தினால் எல்லாத் தாளிலும் ஒரே யானைதான் வரும். பெற்றோருக்கு முதல் மாதம் மகிழ்ச்சி. பிள்ளைக்கு மூன்றாம் மாதம் சலிப்பு.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் சூரியனைக் கையால் வரைந்து பதிந்திருக்கிறார்கள். தாளில் வட்டமும் அட்ச, தீர்க்கக் கோடுகளும் தயாராக இருக்கும். அன்றைக்குத் தெரியும் கரும்புள்ளிகளையும் பிழம்புகளையும் வெவ்வேறு நிறத்தில் குறிப்பார்கள். கட்டம் மாறாது, படம் நாளுக்கு நாள் மாறும். உங்கள் வகுப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்தோம் என்பதைப் பிள்ளை வரையட்டும்.

ஒரு வகுப்பு, 40 நிமிடம்

ஆளுக்கொரு பூண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் நல்லது, கடைப்பூண்டும் போதும்.

• 5 நிமிடம்: பென்சில் தொடக் கூடாது. தோலின் கோடுகள் எங்கே போய்ச் சேர்கின்றன, எந்தப் பல் பெரியது, வேர் எப்படி நிற்கிறது என்று கேளுங்கள்.
• 10 நிமிடம்: நீங்கள் வெங்காயத்தை வரைந்து காட்டுங்கள். பூண்டை வரையாதீர்கள். முறையைக் கற்கலாம், காப்பியடிக்க வழி இருக்காது.
• 20 நிமிடம்: அவர்கள் வரையட்டும். நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள்.
• 5 நிமிடம்: எல்லோரும் படத்தைக் காட்டட்டும்.

அடுத்த வகுப்புக்கு மூடுபனி. பக்கத்து மலைக்கு 4பி, நடுமலைக்கு 2பி, தொலைமலைக்கு எச்பி. தூரம் கூடக் கூட மலை வெளிறும் என்பதை மூன்றே பென்சிலில் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

வயதைப் பாருங்கள்

கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் எழுதிய நூலில், பிள்ளைகளின் ஓவியம் கட்டம் கட்டமாக வளர்வதை விளக்கினார். ஐந்து வயதில் அம்மா வீட்டைவிடப் பெரிதாக இருப்பார், திருத்தாதீர்கள். ஒன்பது, பத்து வயதில் "நிஜம் மாதிரி வரலையே" என்று அழிப்பானைத் தேடுவார்கள். பலர் ஓவியத்தைக் கைவிடுவது அப்போதுதான். பார்த்து வரையும் பயிற்சியை அந்த வயதில் கூட்டுங்கள்.

தேவையானவை

செல்போனைத் தாளுக்கு நேர் மேலே பிடிக்கும் ஸ்டாண்டு, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம். மழை நாளில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும். செய்முறையை முன்பே பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வகுப்பு நிற்காது. குழுவில் பெற்றோர் எண் மட்டும் இருக்கட்டும். பிள்ளையின் முகமோ பெயரோ அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது.

தகுதியும் வருமானமும்

ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு, லோயரும் ஹையரும், பெற்றோரின் நம்பிக்கையைப் பெற்றுத் தரும். முறையாகப் படிக்க, 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் கவின் கலைக் கல்லூரி உண்டு. 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஓவியம் சொல்லித் தருகின்றன; அங்கே ஒரு வகுப்பையாவது நேரில் பாருங்கள்.

முதல் குழுவில் ஆறு பிள்ளைகள் போதும். ஆறு தாளையும் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சந்தாவைப் புதுப்பிக்க வைப்பது அந்த ஒரு வரிதான். அது எழுத நேரம் கிடைக்காத அளவுக்கு ஒருபோதும் ஆள் சேர்க்காதீர்கள்.